களவு போன வெளிச்சம்

அத்தியாயம் நான்கு

மின்சாரமே இல்லாத ஊரில் மின்சாரம் களவு போனதாக ஒருத்தி முறைப்பாடு கொண்டுவந்தால் சிரிப்பு வரும்தானே. எனக்கு வந்தது. தட்டச்சு இயந்திரத்துக்குப் பின்னால் தலையைக் குனிந்து அடக்கிக்கொண்டேன்.

என் முதலாளி தில்லைநாதன் சிரிக்கவில்லை. அவர் மின்சார சபையில் கள்ளக் கரண்ட் பிடிக்கும் இன்ஸ்பெக்டராக இருந்தவர். கம்பியில் கொக்கி போட்டவன், மீற்றருக்குள் காந்தம் வைத்தவன் என்று எல்லோரையும் மோப்பம் பிடித்தவர். தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கே கரண்ட் நின்றது. ஒரே நாளில் கள்ளர் எல்லோரும் யோக்கியராகிவிட்டார்கள், இவருக்கு வேலை போய்விட்டது. இப்போது கோண்டாவிலில் ஒரு சின்ன அறையில் இருந்துகொண்டு சைக்கிள் களவு, மாட்டுக் களவு, எல்லைச் சண்டை என்று எது வந்தாலும் துப்பறிகிறார். நான் அற்புதராணி. அன்று மின்சார சபைக் கந்தோரில் அவருக்கு ரைப் அடித்தேன். இன்று ரைப்பும் அடிக்கிறேன், சைக்கிளும் மிதிக்கிறேன். பதவி உயர்வு என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

வந்திருந்தவள் பெயர் யசிந்தா. முப்பத்தைந்து வயது மதிக்கலாம். குருநகர்க் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள். ஷெல்லடிக்குப் பயந்து இடம்பெயர்ந்து, இணுவிலில் கந்தசுவாமி கோயிலுக்குப் பின்பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறாள்.

“என்ரை பற்றரியிலை இருந்து ஆரோ கரண்ட் எடுக்கினம் ஐயா,” என்றாள். “சார்ஜ் பண்ணிக் கொண்டந்து கொழுவினாலும் ரியூப் லைற் மங்கலாத்தான் எரியுது. வர வர மங்குது. போன கிழமை இருந்த வெளிச்சம் இந்தக் கிழமை இல்லை.”

“பற்றரி பழசோ?”

“புதுசு. இவர் பயணம் போக முதல் தேடி வாங்கித் தந்தவர்.”

“இவர் எங்கை இப்ப?”

“கொழும்புக்கு. ரேடியோச் சாமான் வாங்கப் போனவர். ஒரு மாதத்திலை வாறன் எண்டவர்.” முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். “மாரிக்கு முன்னம் போனவர். இப்ப பங்குனி.”

கொழும்புக்குப் போகக் கிளாலி நீரேரியில் வள்ளம் ஏறிய எல்லோரும் அக்கரையில் இறங்கினார்கள் என்று சொல்ல முடியாத காலம் அது. அங்கே துப்பாக்கிச் சூடு நடந்தால் யார் போனார், யார் மிஞ்சினார் என்று தெரியவரவே மாதக்கணக்காகும். அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

“ஒரு லைற்றுக்கு ஏன் பிள்ளை இந்தப் பாடு? எல்லாரையும் போல ஒரு மண்ணெண்ணெய்ப் போத்தல் விளக்கைக் கொளுத்தி வைக்கலாமே?” என்று நான் கேட்டேன்.

“அக்கா, நீங்கள் கடல் ஆக்களோ?”

“இல்லை. மீன் சட்டிக்குள்ளை வந்தாப் பிறகுதான் எனக்குப் பழக்கம்.”

அவள் சிரிக்கவில்லை. “எங்கடை பக்கம் ஒரு வழக்கம். தண்ணியிலை போனவர் கரை ஏறுமட்டும் வீட்டிலை இருட்டுக்குள்ளை விளக்கை நூர்க்கிறேல்லை, அணைய விடுறேல்லை. அப்பு ஒருக்காப் புயலுக்கை மாட்டுப்பட்டவர். அம்மா எண்ணெய் விட்டு விட்டு முழிச்சிருந்தவ, அப்பு வந்து சேந்தவர். அண்ணைக்கு வைக்கேக்கை காத்துக்கு நூந்திட்டுது. அண்ணை வரேல்லை.” முந்தானை நுனியை அவிழ்த்துத் திரும்பச் சுற்றினாள். “இவரும் வள்ளத்திலைதானே போனவர். போகேக்கை தன்ரை கையாலை இந்த லைற்றைப் பூட்டி, இதைத்தான் வைக்கவேணும் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். பொழுதுபடப் போடுவன், விடிஞ்சாப் பிறகு நிப்பாட்டுவன். இது நூந்துதெண்டால் இவர் வரமாட்டார் ஐயா.”

எனக்குச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

“ஆரிலை சந்தேகம்?” தில்லைநாதன் கேட்டார்.

“பக்கத்து வீட்டு மீனாம்பிகை அக்காவிலை. முந்தி பின்னேரமெண்டால் எங்கடை லைற்றடியிலை வந்திருந்துதான் தையல் தைக்கிறவ. தைப்பொங்கலோடை வரவை நிப்பாட்டிட்டா. முகத்தைப் பாத்துக் கதைக்கவும் மாட்டா. ‘வேலிக்குள்ளாலை வயர் இழுத்தனீங்களோ’ எண்டு நேர கேட்டன். அழுதுகொண்டு உள்ளை போட்டா. எடுக்காட்டி ஏன் அழவேணும்?”

“சைக்கிளை எடும் ராணி,” என்றார் தில்லைநாதன்.

*

யசிந்தா வீட்டு ரியூப் லைற் ஒரு அடி நீளம்தான் இருக்கும். தெருவைப் பார்த்த யன்னலில் பூட்டியிருந்தது. அதன் கீழே சவர்க்காரப் பெட்டி அளவில் ஒரு தகரப் பெட்டி, அதில் ஒரு குமிழ். பெட்டியிலிருந்து இரண்டு வயர் கீழே இருந்த கார் பற்றரிக்குப் போனது.

“இதென்ன?” என்றேன்.

“சோக். ரியூப்புக்குக் கரண்டை அளந்து விடுறது. இவர் செய்தது. சிங்கப்பூரிலை பெரிய பெரிய கந்தோருகளுக்கு இப்பிடிச் சோக் செய்யிற கொம்பனியிலை வேலை செய்தவர். பகல் வெளிச்சம் கூடினால் லைற் தானா மங்கும், ஆக்கள் இல்லாட்டியும் தானா மங்கும். உள்ளை ஒரு குட்டி மூளை இருக்கு எண்டுவார். மைக்ரோ கொன்ட்ரோலர்.” ஒரு புனிதரின் பெயரைச் சொல்வதுபோல் நிறுத்திச் சொன்னாள். “படிக்கிறதெண்டால் குமிழைக் கூட்டு, படுக்கிறதெண்டால் குறை, பற்றரி மிச்சம் எண்டு சொல்லித் தந்தவர். இப்ப கடைசி மட்டும் திருப்பியாச்சு. கூடுதில்லை.”

தில்லைநாதன் முழங்காலிட்டுப் பற்றரியைத் தடவினார், சுவரைத் தடவினார், யன்னல் சட்டத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். பழைய தொழில், கை மறக்கவில்லை. கள்ள வயர் ஒன்றும் அகப்படவில்லை. எழும்பும்போது சுவரில் தொங்கிய அந்தோனியார் படத்தடியில் அவர் பார்வை நின்றது. அங்கே ஓர் ஆணியில் ஆம்பிளைக் கைமணிக்கூடு ஒன்று தொங்கியது.

“கனிசியஸின்ரையோ?” அவள் கணவனின் பெயர் அது.

“ஓம். ஓடாது. பற்றரி முடிஞ்சுது, கொழும்பிலை வாங்கியாறன் எண்டு கழட்டித் தந்திட்டுப் போனவர்.”

“அளவு குடுக்காமல் சட்டை தைக்கக் குடுத்த மாதிரியெல்லோ இருக்கு,” என்றேன். “பற்றரி வாங்கிறவர் மணிக்கூட்டைக் கொண்டு போறேல்லையோ?”

என் பகிடிக்கு முதலாளி வழக்கமாகக் காது கொடுப்பதில்லை. அன்று திரும்பி என்னைப் பார்த்தார்.

மீனாம்பிகை வீட்டில் கிடுகு வேலியைத் தவிர மறைக்க எதுவும் இல்லை. குசினியில் ஒரு போத்தல் விளக்கு, திரி கருகி இருந்தது. வயரும் இல்லை, பல்ப்பும் இல்லை. அவள் ஆசுப்பத்திரியில் தாதி. வேலை முடிந்து வந்த வெள்ளைச் சீலையோடு வாசலில் நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும், கண்ணுக்குக் கீழே கருவளையம்.

“நான் எடுக்கேல்லை,” என்றாள். அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் காலத்துக் கேள்விகள் எல்லாவற்றையும் தில்லைநாதன் போட்டுப் பார்த்தார். நாங்கள் வேலிப் படலையைத் திறக்கும்போது மட்டும் பின்னால் இருந்து குரல் வந்தது.

“லைற் இப்ப எவ்வளவுக்கு எரியுது?”

“நிலவு மாதிரி,” என்றேன் நான்.

அவள் கதவைச் சாத்தினாள்.

தெருவுக்கு வந்ததும் தில்லைநாதன் சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டு நடந்தார். “ராணி, களவெடுத்தவை எல்லாரும் என்னட்டை ஒரே கேள்விதான் கேட்டிருக்கினம். சாமானைக் கண்டுபிடிச்சிட்டீரோ எண்டு. இந்த மனுசி மிச்சம் எவ்வளவு எண்டு கேக்குது.”

“கணக்கிலை நேர்மையான கள்ளி போல.”

“நீர் வாயை மூடிக்கொண்டு வந்தால் ஆழ்வாப்பிள்ளையிட்டைப் போகலாம்.”

ஆழ்வாப்பிள்ளை தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தை மண்ணெண்ணெயில் ஓடவிட்டு ஊருக்கே பற்றரி சார்ஜ் பண்ணுபவர். அந்தச் சத்தத்தில் வருடக்கணக்காக இருந்து, சும்மா கதைப்பதையும் கத்தித்தான் கதைப்பார்.

“யசிந்தாவின்ரை பற்றரியோ? அதை ஏன் கொண்டாறா எண்டுதான் எனக்கு விளங்கேல்லை,” என்று கத்தினார். “முந்தி வத்தலா வரும், நானும் நாள் முழுக்கப் போடுவன். இப்ப வர வர நிறைஞ்சு வருது. போன முறை அளவு பாக்கிற குண்டு மேலையே மிதந்தது. ‘பிள்ளை, இதுக்குள்ளை இனிக் கரண்ட் ஏத்த இடமில்லை’ எண்டன். நான் எண்ணெய் மிச்சம் பிடிக்கிறன் எண்டு கோவிச்சுக்கொண்டு போட்டா.”

நான் தில்லைநாதனைப் பார்த்தேன். “சேர், கள்ளன் வந்து போற வீட்டிலை சாமான் கூடுது.”

“கள்ளன் வரேல்லை, அதாலைதான்,” என்றார். ஆழ்வாப்பிள்ளையிடம் சாதாரண சோக் ஒன்றை இரவலாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

*

நாங்கள் திரும்பிப் போகப் பொழுது சாய்ந்துவிட்டது. யசிந்தா சுவிச்சைப் போட்டாள். தகரப் பெட்டி மெல்லமாக ரீங்காரமிட்டது. ரியூப் எரிந்தது என்று சொல்ல மனம் வரவில்லை, வெளுத்தது என்று சொல்லலாம். அதன் கீழே பிடித்த என் கை எனக்கே அரைகுறையாகத்தான் தெரிந்தது.

தில்லைநாதன் வயர்களைக் கழற்றினார். அதே பற்றரி, அதே ரியூப், நடுவில் இரவல் சோக். சுவிச்சைப் போட்டதும் அறை பளீரென்றது.

“வந்திட்டுது,” என்றாள் யசிந்தா. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். “அந்தோனியாரே, வந்திட்டுது.” யன்னலைத் தள்ளித் திறந்து, வெளிச்சம் தெருவில் விழுகிறதா என்று எட்டிப் பார்த்தாள். அவள் கணவனே படலையைத் திறந்து வந்ததுபோல் அவள் முகம் இருந்தது. என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“பற்றரி குற்றவாளி இல்லை,” என்றார் தில்லைநாதன் தாழ்ந்த குரலில். “ரியூப்பும் இல்லை.”

“மிச்சம் ஒரு ஆள்தான் இருக்கிறார்,” என்றேன்.

“பிள்ளை, மீனாம்பிகையை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாரும். நான் கூப்பிட்டதெண்டு சொல்லும். அப்பிடியே தேத்தண்ணியும் வையும்.”

அவள் போனதும் தகரப் பெட்டியின் திருகாணிகளைக் கழற்றினார். உள்ளே ஒரு பச்சைப் பலகை, அதில் மட்டத்தேளைப்போல இரண்டு பக்கமும் கால் வைத்த ஒரு கறுப்புச் சில்லு. அதன் பக்கத்தில், தகரக் கீற்று ஒன்றால் அமத்திப் பிடித்தபடி, சட்டைப் பொத்தான் அளவில் வெள்ளியாய் ஏதோ மின்னியது.

தில்லைநாதன் அந்தோனியார் படத்தடிக்குப் போய் மணிக்கூட்டை எடுத்தார். சட்டைப்பைக் கத்தியால் முதுகு மூடியை நெம்பினார். உள்ளே பற்றரி இருக்கவேண்டிய குழி வெறுமையாக இருந்தது.

“பற்றரி முடியேல்லை ராணி. இடம் மாறியிருக்கு.”

“ஏன் சேர்? அவ்வளவு பெரிய கார் பற்றரி இருக்கேக்கை இந்தப் பொட்டு எதுக்கு?”

“கார் பற்றரியைச் சார்ஜுக்குக் கழட்டினால் இந்தக் குட்டி மூளை எல்லாத்தையும் மறந்திடும். திரும்பக் கொழுவேக்கை முதல்லை இருந்து தொடங்கும். மறக்கக்கூடாது எண்டுதான் இதை வைச்சிருக்கிறார். ஊருக்குள்ளை பற்றரி வர அரசாங்கம் போட்ட தடை. கையிலை கட்டியிருந்ததைக் கழட்டித்தான் வைக்கவேண்டி வந்திருக்கு.”

“என்னத்தை மறக்கக்கூடாது?”

“எத்தினை பொழுது போட்டாச்சு எண்டதை. பொழுதுபடப் போடேக்கை ஒண்டு எண்ணும். ஒரு துளி குறைக்கும். அடுத்த நாள் இன்னொரு துளி. குமிழைத் திருப்பினாலும் அது விடாது. குறைவாய் எரியிற லைற் குறைவாய்த்தானே குடிக்கும், அதாலைதான் பற்றரி நிறைஞ்சபடி இருக்கு.”

எங்கள் எல்லோருடைய பிழையும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாலு வருடமாக இந்த ஊரில் ஒரு லைற் மங்கினால் பற்றரி இறங்கிவிட்டது என்பதைத் தவிர வேறொன்றும் எங்களுக்குத் தோன்றுவதில்லை. வேண்டுமென்றே மங்கும் ஒரு விளக்கு எங்கள் ஒருவருடைய புத்திக்கும் எட்டாது. கனிசியஸுக்கு அது தெரிந்திருந்தது.

“அப்ப வெளிச்சத்தை எடுத்தது…”

“வீட்டுக்காரர்தான்,” என்றார் தில்லைநாதன்.

மீனாம்பிகை வாசலில் நின்றாள், அவளைக் கூட்டிவந்த யசிந்தா குசினிப் பக்கம் போனாள். திறந்திருந்த பெட்டியைப் பார்த்தாள், மணிக்கூட்டைப் பார்த்தாள். அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

“லைற் எவ்வளவுக்கு எரியுது எண்டு கேட்டனீங்கள்,” என்றார் தில்லைநாதன். “எவ்வளவுக்கு வந்தாப் பிறகு நீங்கள் வாய் திறக்கவேணும்?”

“முழுக்க நூந்தாப் பிறகு.” குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “சத்தியம் வாங்கிப்போட்டுப் போனவர். அவருக்கு நெஞ்சுக்குள்ளை கட்டி. எங்கடை ஆசுப்பத்திரியிலை படம் எடுத்துப் பாத்தது, அவருக்கும் எனக்கும் டொக்டருக்கும்தான் தெரியும். கொழும்புக்குப் போனது சாமான் வாங்க இல்லை, வைத்தியத்துக்கு. ‘அக்கா, சுகப்பட்டு வந்தால் நானே இதைச் சரிக்கட்டிப்போடுவன். வராட்டி இவள் சாகுமட்டும் விளக்கு வைச்சுக்கொண்டு இருப்பாள். நூர்க்கச் சொல்லி ஆராலையும் சொல்ல ஏலாது, அதை நான் பாக்கிறன். ஒரேயடியா இருட்டினால் தாங்கமாட்டாள், கொஞ்சம் கொஞ்சமா இருட்டினால் கண் பழகும்’ எண்டார்.”

“வந்தாரோ, வரேல்லையோ எண்டு…”

“தைப்பொங்கலுக்கு முதல் மோசம் போட்டார் ஐயா, உயிர் பிரிஞ்சிட்டுது. எங்கடை ஆசுப்பத்திரி ஆள் ஒருத்தர் கொழும்பாலை வந்தவர், பக்கத்திலை நிண்டு பாத்தவர். கடைசி நேரம் சுவாமியார் வந்து எண்ணெய் தொட்டு அவஸ்தை பூசினவராம். அதைக் கேட்டாப் பிறகு இந்த லைற்றடியிலை வந்திருந்து ஊசி கோர்க்க என்னாலை ஏலேல்லை. கள்ளி எண்டு சொன்னவ, சொல்லட்டும் எண்டு விட்டிட்டன். மறுத்துக் கதைக்க வாய் திறந்தால் மற்றதும் வந்திடுமே.”

குசினிப் பக்கம் கோப்பை ஒன்று மற்றதில் தட்டும் சத்தம் கேட்டது. யசிந்தா தேத்தண்ணித் தட்டோடு கதவு நிலையில் நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. தட்டில் தேத்தண்ணி எல்லாம் ஊற்றுப்பட்டிருந்தது.

நான் போய்த் தட்டை வாங்கி வைத்தேன். அவள் கை தட்டைப் பிடித்த மாதிரியே நின்றது.

தில்லைநாதன் குனிந்து வேலை செய்தார். தகரப் பெட்டிக்குள் கத்தி நுனியை விட்டு அந்த வெள்ளிப் பொத்தானை எடுத்தார். இரவல் சோக்கைக் கழற்றி, கனிசியஸின் சோக்கைத் திரும்பக் கொழுவிச் சுவிச்சைப் போட்டார். கனிசியஸ் அதைப் பூட்டிய முதல் நாள் எப்படி எரிந்திருக்குமோ அப்படி எரிந்தது. இரவல் சோக்கின் வெளிச்சத்தில் ஒரு நடுக்கம் இருந்தது, இதில் இல்லை. அவ்வளவு நல்ல கைவேலைக்காரன்.

“எண்ணினதெல்லாம் மறந்திட்டுது,” என்றார் யசிந்தாவைப் பார்க்காமல். “இனிக் குறைஞ்சாலும், பற்றரியைக் கழட்டிக் கொழுவ முதல்லை இருந்து தொடங்கும். நூராது. உமக்கு வேண்டிய காலம் மட்டும் எரியும். நீர் கேட்டது வெளிச்சத்தைத்தானே, அது இந்தா.” வெள்ளிப் பொத்தானை மணிக்கூட்டுக்குள் வைத்து மூடி அவள் கையில் கொடுத்தார். நொடி முள் ஓடத் தொடங்கியிருந்தது.

அவள் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. மீனாம்பிகையைத்தான் பார்த்தாள்.

“அக்கா, கிளாலியிலை அவருக்கு ஒண்டும் நடக்கேல்லையோ?”

“இல்லையம்மா. சுகமாய் அக்கரையிலை இறங்கினவர். பிறகு பஸ் எடுத்துத்தான் போனவர்.”

“கரை ஏறினவர்.”

“ஓம் பிள்ளை. கரை ஏறினவர்.”

யசிந்தா யன்னலடிக்குப் போனாள். அந்த முழு வெளிச்சத்தில் அவள் காதோரத்து ஒன்றிரண்டு நரைமுடி, கழுத்தில் செபமாலை, கன்னத்தில் இறங்கிய கண்ணீர் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. துடைக்கவில்லை.

“நீங்கள் சொன்னது சரி ஐயா. கள்ளன் வீட்டுக்காரர்தான்,” என்றாள். “ஆனால் வெளிச்சத்தை இல்லை. சுகமில்லை, வருத்தமெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நானும் வள்ளம் ஏறியிருப்பன். கடைசியாய்த் தலைமாட்டிலை இருந்திருப்பன். அந்த நாளுகளைத்தான் எடுத்துக்கொண்டு போட்டார்.” சுவிச்சில் விரலை வைத்தாள். “நூர்க்க எனக்கு மனம் வராதெண்டு நினைச்சிட்டார். என்னை அவ்வளவுதான் தெரியும் அவருக்கு. கரை ஏறினவருக்கு நான் ஏன் விளக்கு வைச்சுக்கொண்டிருக்கிறன்?”

நூர்த்தாள்.

இருட்டு ஒரேயடியாக வந்தது. கனிசியஸ் பயந்த இருட்டு அதுதான். மணிக்கூடு ஓடும் சத்தம் மட்டும் அவள் நின்ற பக்கத்திலிருந்து கேட்டது.

கொஞ்ச நேரத்தில் மீனாம்பிகை தடவித் தடவி எழுந்து வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் போய்த் தன் போத்தல் விளக்கை எடுத்துவந்தாள். அதை நடுவில் வைத்துவிட்டு யசிந்தாவின் பக்கத்தில் இருந்தாள். யசிந்தா மணிக்கூட்டை அந்த வெளிச்சத்துக்கு நீட்டிப் பிடித்தாள்.

“இப்ப என்ன நேரம் ஐயா?” என்று கேட்டாள்.

தில்லைநாதன் சொன்னார். அவள் முள்ளைத் திருப்பி, நேரத்தைச் சரியாக வைத்து, அந்த ஆம்பிளை மணிக்கூட்டைத் தன் கையில் கட்டினாள். பெரிதாக இருந்தது. வார் கடைசி ஓட்டைக்கு இறுக்கியும் வழுகி வழுகிப் புறங்கையில் விழுந்தது.